வெள்ளையாகும் முட்டைகளும் கிணற்றுத் தண்ணீரும்: மீன் தொட்டி கேள்வி – பதில்

மாரி தொடங்கினால் கெளுத்தி இனங்கள் பற்றிய கேள்விகள் குவியும். இம்முறை அவற்றை மட்டும் எடுத்திருக்கிறோம். ஒரே விஷயத்தைக் கேட்ட கடிதங்களைச் சேர்த்து ஒரு பதிலாகத் தருகிறோம்.

கேள்வி: ஆறு கொரிடோரஸ் (கொரி என்ற சின்னக் கெளுத்தி) மீன்கள் வைத்திருக்கிறேன். நான்கு வெண்கல நிறம், இரண்டு வெள்ளை. ஒன்றரை வருடமாக நல்ல சாப்பாடு கொடுத்தும் ஒரு முட்டைகூட இல்லை. ஆண், பெண் எப்படிப் பார்ப்பது? முட்டையிட வைக்க என்ன வழி?
– வாசகி, கொக்குவில்

பதில்: பக்கவாட்டில் பார்த்தால் பிடிபடாது. தொட்டிக்கு மேலே நின்று நேர் கீழே பாருங்கள். பெண் மீன் வயிற்றுப் பக்கம் அகன்று பருத்திருக்கும். ஆண் சிறிதாக, முன்னிருந்து பின்வரை ஒரே அகலமாக ஒடுங்கியிருக்கும். ஒரு வயதைத் தாண்டிய மீனில் இந்த வித்தியாசம் தெளிவாகவே தெரியும். உங்களுடைய ஆறும் ஒரே பருமனாக இருந்தால் எல்லாம் ஒரே பாலாக இருக்கலாம். ஒரு பெண்ணுக்கு இரண்டு ஆண் என்ற கணக்கு வாய்ப்பானது. கடையில் விற்கும் வெள்ளைக் கொரி பெரும்பாலும் வெண்கலக் கொரியின் அல்பினோ, அதாவது நிறமியில்லாத வடிவம்தான். அப்படியானால் இரண்டும் தங்களுக்குள் சேரும்.

ஆண், பெண் இரண்டும் இருந்தால் பிரச்சினை பருவமாற்றம். இந்த மீன்களின் சொந்த ஊர் தென்னமெரிக்கா. அங்கே மழைக்காலம் தொடங்கி ஆற்று நீர் குளிர்ந்து, கரைந்துள்ள உப்புகள் குறையும்போதுதான் முட்டையிடும். வருடம் முழுவதும் ஒரே கிணற்றுத் தண்ணீர், ஒரே வெப்பநிலை என்றால் மீனுக்கு மழை வந்த விஷயமே தெரியாது. அந்த மழையை நீங்கள்தான் தொட்டிக்குள் கொண்டுவர வேண்டும்.

முதல் இரண்டு வாரம் சாப்பாடு. உறைந்த இரத்தப்புழு, கழுவி நறுக்கிய மண்புழு, நல்ல தரமான, தொட்டி அடிக்கு அமிழும் குளிகைத் தீன் ஆகியவற்றை மாற்றி மாற்றிக் கொடுங்கள். நுளம்புக் குடம்பியும் அருமையான தீன்தான். ஆனால் அதற்கென்று வாளியில் தண்ணீர் திறந்து வைக்காதீர்கள். 2007ஆம் ஆண்டின் நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தின்கீழ் அது குற்றம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தால் மீன் கதை எடுபடாது.

பெண்ணின் வயிறு உப்பியதும் தண்ணீரை மாற்றுங்கள். மழை இருட்டிக் கொண்டு வரும் நாளின் பின்னேரம் இதற்குச் சிறந்தது. காற்றமுக்கம் இறங்கும் நாட்களில் கொரி முட்டையிடும் வாய்ப்பு அதிகம் என்பது வளர்ப்பவர்களின் பொதுவான அனுபவம். தொட்டியில் மூன்றிலொரு பங்கை எடுத்துவிட்டு, அதைவிட 3 முதல் 5 பாகை செல்சியஸ் குளிர்ந்த மழைநீரை அரை மணித்தியாலத்துக்கு மேல் எடுத்து மெதுவாக ஊற்றுங்கள். இரண்டடித் தொட்டியில் (24 × 12 × 12 அங்குலம்) ஏறத்தாழ 50 லீற்றர் நிற்கும். அதற்கு 16, 17 லீற்றர் போதும். காற்றுக்கல்லைக் கூட்டி விடுங்கள். அடுத்த நாள் விடியவும் முட்டை இல்லாவிட்டால் இதையே இன்னும் இரண்டு மூன்று நாள் தொடருங்கள். அதற்கும் அசையாவிட்டால் ஒரு வாரம் விட்டு மறுபடி தொடங்குங்கள்.

ஆண்கள் ஒரு பெண்ணைத் துரத்திக் கண்ணாடியோரமாக மேலும் கீழும் ஓடத் தொடங்கினால் காரியம் நடக்கிறது என்று அர்த்தம். பெண் தன் வாயை ஆணின் வயிற்றுப் பக்கம் அழுத்தி, இரண்டும் ஆங்கில ‘டீ’ எழுத்து வடிவில் சில விநாடி அசையாமல் நிற்கும். அப்போது பெண் ஆணின் விந்தைக் குடிக்கிறது. அது குடல் வழியாக விரைவாகக் கடந்து வெளியேறி, வயிற்றுச் செட்டைகளுக்கிடையில் ஏந்தியிருக்கும் முட்டைகளைக் கருக்கட்டச் செய்கிறது. வெண்கலக் கொரியில் இதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 1995இல் வெளியிட்டார்கள். பிறகு பெண் போய்க் கண்ணாடியையோ இலையையோ வாயால் சுத்தம் செய்து, சில முட்டைகளை ஒட்டிவிட்டுத் திரும்பும். இது சில மணித்தியாலம் தொடரும். இடையில் கையை விடாதீர்கள், வெளிச்சத்தையும் போட்டு அணைக்காதீர்கள்.

கேள்வி: கொரி இரண்டு முறை கண்ணாடியில் நூறு வரை முட்டையிட்டது. இரண்டு முறையும் எல்லாம் வெள்ளையாகி, பஞ்சு பூத்ததுபோல் ஆகிவிட்டது. கடையில் தந்த நீல மருந்தைத் தொட்டிக்குள் ஊற்றினேன். முட்டையும் போய், தண்ணீரும் கலங்கி, இரண்டு பெரிய மீனும் செத்துவிட்டன. மருந்தின் அளவு பிழையா?
– வாசகர், சுன்னாகம்

பதில்: அளவல்ல, இடம் பிழை. அந்த நீல மருந்தை, அதாவது மெதிலீன் நீலத்தை, வளர்ப்புத் தொட்டிக்குள் ஊற்றக்கூடாது. அமோனியாவைச் சிதைக்கும் பற்றீரியாக்கள் பில்டரின் ஸ்பொஞ்சில்தான் குடியிருக்கின்றன. மருந்து அவற்றைப் பாதிக்கும், அமோனியா ஏறும், மீன் சாகும். உங்கள் தொட்டியில் நடந்ததாகத் தெரிவது இதுதான்.

இனி முட்டைக்கு வருவோம். பஞ்சுபோல் பூத்தது பங்கசு. அது முதலில் பிடிப்பது செத்த முட்டையை. அதிலிருந்துதான் பக்கத்திலுள்ள நல்ல முட்டைக்குப் பரவும். ஆகவே நூறும் வெள்ளையானால் ‘என்ன மருந்து’ என்று கேட்க முதல், ‘ஏன் கருக்கட்டவில்லை’ என்று கேட்க வேண்டும். ஆண் போதாமை ஒரு காரணம். பெண்ணின் முதல் ஓரிரு ஈட்டு முட்டைகள் வீணாவதும் வழமை. ஆனால் சுன்னாகத்திலிருந்து எழுதுகிறீர்கள் என்பதால் முதலில் தண்ணீரைத்தான் சந்தேகிக்கிறோம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிணறுகள் சுண்ணாம்புக்கல்லிலிருந்து ஊறுகின்றன. கேத்திலின் அடியில் படியும் வெள்ளைப் படை, நுரைக்காத சவர்க்காரம் இரண்டும் அதற்குச் சாட்சி. பெரிய கொரிகள் இந்தத் தண்ணீருக்குப் பழகிக்கொள்ளும். முட்டை பழகாது. கடின நீரில் கருக்கட்டுவதும் பொரிப்பதும் குறையும். வலிகாமத்துத் தோட்டப் பகுதிகளில் இன்னொன்றும் உண்டு: உரம் கசிந்து பல கிணறுகளில் நைத்திரேற்று குடிநீருக்கான லீற்றருக்கு 50 மில்லிகிராம் எல்லையைத் தாண்டியிருக்கிறது. இப்படியான தண்ணீரால் எத்தனை தரம் மாற்றினாலும் தொட்டி நைத்திரேற்று இறங்காது.

செய்ய வேண்டியது: கடினத்தன்மை, நைத்திரேற்று இரண்டையும் அளக்கும் சொட்டு மருந்துப் பெட்டி ஒன்று வாங்குங்கள். கடினத்தன்மை லீற்றருக்கு 100 முதல் 150 மில்லிகிராம் வரை இருக்கும்படி கிணற்றுத் தண்ணீரையும் மழைநீரையும் கலவுங்கள். கிணறு 300 காட்டினால் பாதிக்குப் பாதி 150 தரும். முழுக்க மழைநீர் வேண்டாம். அதில் அமிலத்தைத் தாங்கும் உப்புகள் இல்லாததால் பி.எச். சடுதியாக இறங்கிவிடும். மழை இல்லாத மாதங்களில் போத்தலில் விற்கும், உப்பு நீக்கிய ஆர்.ஓ. குடிநீரை இதேபோல் கலக்கலாம். செலவுதான், ஆனால் முட்டைப் பெட்டிக்கு எத்தனை லீற்றர் வேண்டும்?

மழைநீர் பிடிக்கும்போது முதல் இரண்டு மூன்று மழையை விட்டுவிடுங்கள். வைகாசியிலிருந்து ஓட்டில் படிந்த தூசியும் காக்கை எச்சமும் பீலி வழியே அப்போதுதான் இறங்கும். பிளாஸ்ரிக் பீப்பாயில் சேர்த்து, வாயில் நுளம்பு நெற் கட்டுங்கள். புதிய சீமெந்துத் தொட்டியில் சேர்த்தால் சீமெந்திலிருந்து சுண்ணாம்பு கரைந்து, வந்த பலன் போய்விடும். தொட்டிக்குள் அழகுக்கு வைத்த முருகைக்கல், சங்கு, சிப்பி எல்லாவற்றையும் எடுங்கள். கடற்கரை மணல் போட்டிருந்தால் ஒரு கரண்டி மணலில் வினாகிரி விட்டுப் பாருங்கள். நுரைத்தால் அதில் சிப்பித்தூள் இருக்கிறது, கொட்டிவிடுங்கள்.

அடுத்த ஈடு வந்ததும் முட்டைகளை இரண்டு மணித்தியாலம் தொடாதீர்கள். புதிதாக இட்டது மெத்தென்று நசியும், பிறகு இறுகும். இறுகியதும் விரல்நுனியால் மெல்ல உருட்டினால் ஒன்றொன்றாகக் கழன்று விரலிலேயே ஒட்டும். பழைய வங்கி அட்டையின் விளிம்பாலும் வழிக்கலாம். தாய் தகப்பனை நம்பி விடாதீர்கள். அவை தங்கள் முட்டையைத் தாங்களே தின்னும்.

இரண்டு லீற்றர் ஐஸ்கிறீம் பெட்டி ஒன்றைத் தொட்டித் தண்ணீராலேயே நிரப்பி, தொட்டிக்குள் மிதக்க விடுங்கள். வெப்பநிலை மாறாமல் இருக்கும். முட்டைகளைக் கும்பியாக விடாமல் பெட்டிச் சுவரில் ஒன்றையொன்று தொடாமல் ஒட்டுங்கள். காற்றுக்கல்லின் குமிழி முட்டைக்குப் பக்கத்தால் ஏற வேண்டும், நேரே அடிக்கக்கூடாது. மெதிலீன் நீலம் இங்கேதான் பயன்படும்: 1 வீதக் கரைசலென்றால் 10 லீற்றருக்கு 2 மில்லிலீற்றர். இரண்டு லீற்றர் பெட்டிக்கு 0.4 மில்லிலீற்றர், அதாவது எட்டுச் சொட்டு. போத்தலுக்குப் போத்தல் செறிவு மாறும், ஒட்டியிருக்கும் தாளைப் பாருங்கள். நீலத்துக்கூடாக முட்டை தெரிய வேண்டும். தெரியாவிட்டால் மருந்து கூடிவிட்டது. சீமெந்து நிலத்தில் சிந்தினால் கறை போகாது.

24 முதல் 48 மணித்தியாலத்தில் நல்ல முட்டை தேன்நிறமாகும். அசல் வெள்ளையாக, ஊடே ஒன்றும் தெரியாமல் இருப்பது செத்தது. அதைக் காலையும் மாலையும் துளிசொட்டியால் உறிஞ்சி எடுங்கள். மருந்து இல்லாமலே இந்த வேலையை ஒழுங்காகச் செய்து பாதிக்கு மேல் பொரிக்க வைக்கலாம். மருந்தை மட்டும் ஊற்றிவிட்டு இதைச் செய்யாவிட்டால் ஒன்றும் தேறாது. மூன்றாம் நாள் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் உள்ளே இரண்டு கறுப்புப் புள்ளிகள், அதாவது கண்கள் தெரியும். அல்பினோ முட்டையில் கண் கறுப்பாகத் தெரியாது, வால் துடிப்பதைத்தான் பார்க்க வேண்டும். 25–27 பாகையில் மூன்றிலிருந்து ஐந்து நாளில் பொரிக்கும்.

கேள்வி: குஞ்சு பொரிப்பதில் பிரச்சினை இல்லை. ஆனால் நாலாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் எல்லாம் சாகின்றன. அவித்த முட்டை மஞ்சட்கரு கரைத்துக் கொடுக்கிறோம். வேறென்ன கொடுக்கலாம்?
– மாணவர்கள், நெல்லியடி

பதில்: மஞ்சட்கருவை இன்றே நிறுத்துங்கள். குஞ்சு தின்றது ஒரு பங்கென்றால் அடியில் படிந்து அழுகுவது ஒன்பது பங்கு. கொரிக் குஞ்சு வயிற்றை நிலத்தில் வைத்தபடி கிடக்கும் மீன். நீங்கள் படிய விட்ட சேற்றில்தான் அது படுத்திருக்கிறது. உங்கள் குஞ்சுகள் சாவது பசியால் அல்ல, பற்றீரியாவால் என்றே தோன்றுகிறது.

பொரித்து முதல் இரண்டு நாள், சிலவேளை மூன்று நாள், வயிற்றில் மஞ்சட்கருப் பை இருக்கும். அதுவரை ஒன்றும் போடாதீர்கள். பை சுருங்கியதும் உயிர்த் தீன் தயாராக இருக்க வேண்டும். அதனால்தான் முட்டை கிடைத்த அன்றே தீன் வேலையைத் தொடங்கச் சொல்கிறோம்.

உப்பு நீரில் பொரிக்கும் நுண் இறால் வகையான ஆர்டீமியா முதல் தெரிவு. ஒரு லீற்றர் தண்ணீருக்கு 25 கிராம் கல்லுப்பு. ஆனையிறவு உப்பே போதும், கரைத்துத் துணியால் வடியுங்கள். ஒன்றரை லீற்றர் சோடாப் போத்தலின் அடியை வெட்டித் தலைகீழாக நிறுத்தி, காற்றுக் குழாயை மூடி வரை இறக்கி, அரைத் தேக்கரண்டி ஆர்டீமியா முட்டை போடுங்கள். நம்மூர் வெக்கையில் 28 பாகை தானாகவே இருக்கும். வெளிச்சமும் பலமான காற்றும் இருந்தால் 18 முதல் 24 மணித்தியாலத்தில் தோடம்பழ நிறப் பொடிகள் துடிக்கும். காற்றை நிறுத்திப் பத்து நிமிடம் விட்டால் கோது மேலே மிதக்கும், பொரிக்காத முட்டை அடியில் படியும். நடுவில் ஓரமாக ரோர்ச் அடித்தால் பொடிகள் வெளிச்சத்துக்குக் கூடும். அங்கேயிருந்து மெல்லிய குழாயால் உறிஞ்சி, நெருக்கமாக நெய்த பருத்தித் துணியில் வடித்து, நல்ல தண்ணீரில் அலசிக் கொடுங்கள். கோது குஞ்சின் குடலை அடைக்கும், அதைச் சேர விடாதீர்கள். முட்டை டின்னைத் திறந்ததும் ஈரம் புகாமல் மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். மாரியில் ஈரம் பிடித்த டின் பொரிக்காது.

ஆர்டீமியா விலை கட்டாதென்றால் மைக்ரோ புழு. அவித்த ஓட்ஸ் கூழ் ஆறியபின் ஒரு சிட்டிகை ஈஸ்ட் தூவி, யாரிடமாவது ஒரு கரண்டி தாய்ப்புழு வாங்கிப் போட்டு, மூடியில் ஊசித்துளை இட்டு வைத்தால் ஒரு வாரத்துக்குள் பக்கச் சுவரில் ஏறும். விரலால் வழித்துக் கொடுக்கலாம். பெட்டியைத் தண்ணீர்த் தட்டில் வையுங்கள், இல்லாவிட்டால் எறும்பு உங்களை முந்தும்.

ஒரு நாளைக்கு மூன்று நாலு தரம், குஞ்சின் வயிறு தோடம்பழ நிறமாகத் தெரியும் அளவுக்குப் போட்டால் போதும். இரவு படுக்க முதல் அடியில் கிடக்கும் மிச்சத்தை மெல்லிய குழாயால் உறிஞ்சி, மூன்றிலொரு பங்கு தண்ணீர் மாற்றுங்கள். புதிய தண்ணீர் அதே வெப்பநிலை, அதே கலவை. பெட்டிக்கு மணல் வேண்டாம். வெறும் அடியை ஒரு நாள் விட்டொரு நாள் விரலால் தடவுங்கள். வழுவழுத்தால் அதைத் துடைத்தெடுக்க வேண்டும். பள்ளிக்கூட வளவில் தானாக உதிர்ந்து காய்ந்த வாதுமை இலையில் உள்ளங்கை அளவு துண்டு ஒன்று போட்டால் தண்ணீர் தேயிலைச் சாயமாகும், குஞ்சு அடியில் ஒதுங்கவும் இடம் கிடைக்கும். பச்சை இலையோ மருந்தடித்த மரத்தின் இலையோ வேண்டாம்.

ஒரு மாதத்தில் ஒரு சென்ரிமீற்றர் தாண்டினால் ஸ்பொஞ்ச் பில்டர் ஓடும் பழைய தொட்டிக்கு மாற்றலாம். வலையால் அள்ளாதீர்கள். பக்கச் செட்டை முள் வலையில் கொழுவி முறியும். சின்னக் கோப்பையால் தண்ணீரோடு அள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் கிணறு சாடையான உப்பு. கொரி வளர்க்கலாமா? குஞ்சு எடுக்கலாமா?
– வாசகர், வேலணை

பதில்: அந்தத் தண்ணீரில் வேண்டாம். தொட்டி முழுவதற்கும் மழைநீர் சேர்த்து வைக்க முடிந்தால் யோசியுங்கள். இல்லாவிட்டால் மொலி வளருங்கள், உப்பில் சந்தோஷமாகக் குட்டி போடும்.

கேள்வி: பாண்டாக் கொரி, புள்ளிக் கொரி (பலேற்றஸ்) இரண்டும் கடையில் அழகாக இருக்கின்றன. யாழ்ப்பாணத்தில் குஞ்சு எடுக்க எது நல்லது?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: இரண்டும் குளிர் விரும்பிகள். பலேற்றஸ் 20–24 பாகையில் இருக்க வேண்டிய மீன். சித்திரை, வைகாசியில் நம் தொட்டிகள் 30 தாண்டும்போது அது மேலே வந்து காற்றுக் குடித்தபடி வாடும். முதல் தரம் குஞ்சு எடுப்பவருக்கு வெண்கலக் கொரி. கொஞ்சம் காசு போட முடிந்தால் ஸ்டேர்பாய்: வெள்ளைப் புள்ளித் தலை, செம்மஞ்சள் செட்டை, 28 பாகையையும் தாங்கும்.

கேள்வி: பிரிசில்நோஸ் (வாயால் ஒட்டும் சின்னக் கெளுத்தி) சோடி ஒன்று குழாய்க்குள் முட்டையிட்டது. ஆண் காவல் இருந்தது. மூன்றாம் நாள் காலையில் முட்டைக் கொத்து முழுக்க வெளியே உருண்டு கிடந்தது. ஆண் ஏன் இப்படிச் செய்தது? அந்த முட்டைகளைக் காப்பாற்றலாமா?
– வாசகர், சாவகச்சேரி

பதில்: முந்தின இரவு கரண்ட் நின்றதா என்று யோசித்துப் பாருங்கள். குழாய்க்குள் ஒட்சிசன் குறைந்தால் செட்டையால் விசிறிக் களைத்த ஆண் முட்டையை விட்டுவிடும். வேறு காரணங்கள்: முதற்தடவைத் தகப்பன், பெண் திரும்ப உள்ளே வரப் பார்த்துச் சண்டை, பின்பக்கமும் திறந்த குழாய், ரோர்ச் அடித்து அடிக்கடி எட்டிப் பார்த்த நீங்கள். குழாய் 12–15 சென்ரிமீற்றர் நீளமும், ஆண் மீன் மட்டுமட்டாக நுழையும் அகலமும் கொண்டு ஒரு முனை அடைத்திருக்க வேண்டும். பெரிய ஆணுக்கு இரண்டங்குல பீவீசி, சின்னதுக்கு ஒன்றரை. அகலம் கூடினால் ஆணால் வாசலை அடைத்து நிற்க முடியாது. ஓட்டையிட்ட சிரட்டையைக் கவிழ்த்தும் வைக்கலாம்.

வெளியே விழுந்த கொத்துத் தோடம்பழ நிறமாகவே இருந்தால் உயிர் இருக்கிறது. புதிய தேயிலை வடி ஒன்றைத் தொட்டி விளிம்பில் கொழுவி, முட்டைகளை அதற்குள் விட்டு, கீழே காற்றுக்கல்லை வையுங்கள். முட்டைகள் இலேசாக அசைய வேண்டும், துள்ளக்கூடாது. உலோக வடி துருப்பிடிக்கும், பிளாஸ்ரிக் வடிதான் நல்லது. வெள்ளையானதை அன்றன்றே எடுங்கள். முட்டையிட்டதிலிருந்து நான்கு முதல் எட்டு நாளுக்குள் பொரிக்கும். பொரித்தாலும் பெரிய மஞ்சள் பையோடு இன்னொரு வாரம் ஒட்டிக்கொண்டு கிடக்கும், அப்போதும் தீன் வேண்டாம். பிறகு அவித்த பூசணித் துண்டு, தோல் சீவாத கெக்கரிக்காய், வெந்நீரில் வாட்டிய கீரை. மரக்கறி 12 மணித்தியாலத்துக்கு மேல் கிடக்கக்கூடாது. சந்தைக் கீரையில் பூச்சிமருந்து இருக்கும், வீட்டுக் கீரை என்றால் நிம்மதி. கொரியைப்போல் இவை தண்ணீரில் நுணுக்கம் பார்ப்பதில்லை. கிணற்றுத் தண்ணீரிலேயே பொரிக்கும்.

கரண்ட் விஷயத்துக்கு: பற்றரியில் ஓடும், கரண்ட் நின்றதும் தானாகத் தொடங்கும் சின்ன ஏர் பம்ப் ஒன்று முட்டை உள்ள வீட்டுக்குக் கட்டாயம்.

கேள்வி: அல்பினோ ஆணும் கபிலப் பெண்ணுமாகப் பிரிசில்நோஸ் சேர்த்தோம். குஞ்சு எல்லாம் கபிலம். கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?
– வாசகர், அரியாலை

பதில்: இல்லை. அல்பினோ பின்னிடைவான இயல்பு. இந்தக் குஞ்சுகள் எல்லாம் அதை மறைவாகக் காவுகின்றன. இவற்றைத் தமக்குள் சேர்த்தால் நாலில் ஒன்று என்ற கணக்கில் வெள்ளை வரும். தகப்பனாகிய அல்பினோவோடு சேர்த்தால் பாதி வெள்ளை. உங்களிடம் இருக்கும் அல்பினோ ஆண் என்பதால் அதற்குக் குஞ்சுகளில் ஒரு பெண்ணைத் தெரிவுசெய்யுங்கள்.

கேள்வி: ‘டேங்க் கிளீனர்’ (வாயால் ஒட்டும் பெரிய கெளுத்தி) ஒன்று ஒரு அடி வளர்ந்துவிட்டது. ‘சார்க்’ என்று வாங்கியதும் அதேயளவு. இவை தொட்டியில் முட்டையிடுமா? இடாவிட்டால் பக்கத்துக் குளத்தில் விடலாமா?
– வாசகர், மானிப்பாய்

பதில்: இரண்டும் இடாது. டேங்க் கிளீனர் குளக்கரை மண்ணில் ஆழமாக வளை தோண்டித்தான் முட்டையிடும். ‘சார்க்’ என்று விற்பது பங்காசியஸ் கெளுத்தி. ஒரு மீற்றர் தாண்டி வளரும், முட்டையிட மேக்கொங் போன்ற பெரிய ஆற்றில் நெடுந்தூரம் நீந்தும் சாதி.

குளத்தில் விடவே விடாதீர்கள். டேங்க் கிளீனர் ஏற்கெனவே இலங்கையின் நன்னீர்களில் பரவி மீனவர் வலைகளைக் கிழிக்கிறது. மழைநீரை நம்பிய நம் குளங்களின் அணைக்கட்டில் அது வளை தோண்டினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். பெரிய தொட்டி வைத்திருப்பவரிடம் கொடுங்கள், அல்லது கடையில் திருப்பிக் கொடுக்கக் கேளுங்கள். அடுத்த முறை வாங்கும்போது முதுகுச் செட்டையின் கதிர்களை எண்ணுங்கள்: பத்துக்கு மேற்பட்ட கதிர்களோடு பாய்மரம்போல் விரிந்தால் டேங்க் கிளீனர். ஏழெட்டுக் கதிரோடு சின்னதாக இருந்தால் பிரிசில்நோஸ்.

கேள்வி: வயற்கரை வாய்க்காலில் பிடித்த சுங்கான் நாலைத் தொட்டியில் விட்டிருக்கிறோம். குஞ்சு எடுக்கலாமா?
– வாசகர், கிளிநொச்சி

பதில்: சுங்கான் மழை வெள்ளத்தில் வயல்களிலும் ஆழமில்லாத நீரிலும் முட்டையிடும் மீன். குஞ்சுப் பண்ணைகளில் ஓமோன் ஊசி போட்டே முட்டை எடுக்கிறார்கள். கண்ணாடித் தொட்டியில் எதிர்பார்க்காதீர்கள். வளவில் சேற்றுத் தரையுள்ள சின்னக் குட்டை இருந்தால் மாரியில் பார்க்கலாம். தொட்டியில் வைத்திருக்கும் வரை இறுக்கமான மூடி போடுங்கள். காற்றைச் சுவாசிக்கும் மீன், இரவில் பாய்ந்து வெளியேறும். பக்கச் செட்டை முள்ளில் நஞ்சு உண்டு, வெறுங்கையால் பிடிக்காதீர்கள். குத்திவிட்டால் முள் முறிந்து உள்ளே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கை தாங்கும் சூட்டு நீரில், 45 பாகைக்கு மேற்படாமல், நோக்குறையும் வரை அரை மணித்தியாலம் முதல் ஒன்றரை மணித்தியாலம் வரை அமிழ்த்தி வையுங்கள். சூட்டைக் குத்தாத கையால் பார்த்துக்கொள்ளுங்கள், நொந்த கைக்குச் சூடு சரியாகத் தெரியாது. வீக்கம் ஏறினால், முள் உள்ளே நின்றால், அல்லது குத்து வாங்கியது பிள்ளை என்றால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஏற்புவலி ஊசியும் அங்கேயே போடுவார்கள்.